தேரையின் நுரையீரலில் ஒரு கறுப்பு நூல்

மழை பெய்த மறுநாள் விடியலில் ஆனைமலை ரோட்டில் வண்டி ஏறிச் செத்துக் கிடக்கும் தேரைகளைப் பொறுக்கி வருவேன். உயிருள்ளதைத் தொடமாட்டேன். இந்த ஐப்பசியில் அப்பத்தா பார்த்துவிட்டார்.

"ஏஞ்சாமி, தேரை மோந்த காயே ஆகாது. இதையப் போயி ஊட்டுக்குள்ள கொண்டாந்துட்டயே?"

எங்கள் தோப்பில் பருப்பில்லாத தேங்காய்க்கெல்லாம் பழி இந்த ஜீவன் மேல்தான். "நுரையீரல்ல புழு இருக்குங்காத்தா, பாருங்க" என்று லென்ஸை நீட்டினேன்.

ஈரப் பை போன்ற நுரையீரலை ஊசியால் கீறினால் ராப்டியாஸ் என்ற நூற்புழு நெளியும். குடித்த ரத்தம் குடலில் கறுத்துப்போய், வெள்ளை உடம்புக்குள் கறுப்பு நூல் கோத்ததுபோல் இருக்கும். சூடான 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் நீட்டி விறைக்கும். சுருண்டதை அளக்க முடியாது.

நூற்புழுவில் இனம் பிரிக்க ஆணின் வால் பெரிய துணை. மலக்குடலில் கிடைக்கும் காஸ்மோசெர்கா என்ற இன்னொரு நூற்புழுவின் ஆணுக்கு வாலுக்கு முன்னால் பூப்பூவாகப் புடைப்புகள் உண்டு. கண்டதும் பேரினம் சொல்லிவிடலாம். ராப்டியாஸில் நுரையீரலுக்குள் ஆணே கிடையாது, எல்லாம் ஒரே உடம்பில் ஆணும் பெண்ணுமான இருபால் புழுக்கள். ஆண் தனி, பெண் தனியான தலைமுறை வெளியே மண்ணில் வாழ்கிறது. அதன் குட்டிப் புழுக்கள் தேரையின் தோலைத் துளைத்து உள்ளே போகின்றன. ஆக, உதடு, வாய்க்குழி, வாலின் வடிவம் என்று கொஞ்சம்தான் கையில் மிஞ்சும். அதனால்தான் மரபணு வேண்டியிருக்கிறது.

1935-ல் கரும்பு வண்டை ஒழிக்க ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தேரைகளின் நுரையீரல் புழுவை அந்த ஊர்த் தவளைப் புழு என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். டி.என்.ஏ. பார்த்த பிறகுதான் அது தேரையோடு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த புழு என்று தெரிந்தது.

முதல் வருடம் நான் எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவைத்தேன். ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். பி.சி.ஆர். போட்டு, அதாவது டி.என்.ஏ.வைப் பெருக்கி, ஜெல்லில் ஓட்டினால் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டும் ஒரு பட்டைகூட விழவில்லை. அந்தப் பாட்டில்களைப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இப்போது ஒவ்வொரு புழுவையும் பிளேடால் மூன்றாக வெட்டுகிறேன். நடுத்துண்டு டி.என்.ஏ.வுக்கு. தலையும் வாலும் கிளிசரினில் தெளிந்து ஸ்லைடில் இருக்கும். குழாய்க்கும் ஸ்லைடுக்கும் ஒரே எண். முழுப் புழுவையும் அரைத்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. டி.என்.ஏ. வரிசை தப்பான இனத்தோடு பொருந்தினால் திரும்பிப் பார்க்க உடம்பு வேண்டாமா?

அப்பத்தா லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "மூச்சு உடற எடத்துல இத்தனையா?" என்றார். அந்தத் தேரையில் பதினொன்று இருந்தன. ஏழு புழுக்களை வெட்டியாகிவிட்டது.