திராட்சைத் தோட்டத்து வீட்டில் விடுமுறை: முன்பதிவுக்கு முன்

வீட்டைத் தேடும் முன் மாதத்தை முடிவு செய்யுங்கள். வட அரைக்கோளத்தில் ஒயின் திராட்சை அறுவடை பெரும்பாலும் ஆகஸ்ட் இறுதி முதல் அக்டோபர் வரை. தென் அரைக்கோளத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அறுவடையைப் பார்க்கும் ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த வாரங்களில் சிறிய ஒயின் ஆலைகளில் உங்களைக் கவனிக்க ஆளே இருக்காது. பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே பறிக்க வேண்டுமென்று இயந்திரத்தை நடுஇரவிலும் ஓட்டுவார்கள். சன்னலுக்கு வெளியே கொடி என்றால் தூக்கம் போச்சு. மூன்று நான்கு வாரம் முன்னதாகப் போனால் பழம் நிறம் மாறியிருக்கும், பேசவும் ஆள் கிடைக்கும்.

"கடற்கரை 10 கிலோமீட்டர்" என்று வீட்டு விளம்பரத்தில் இருந்தால் அது நேர்கோட்டுக் கணக்காக இருக்கலாம். வரைபடத்தில் வண்டி ஓடும் நேரத்தைப் பாருங்கள். பிற்பகலில் நிலம் சூடாகிக் கடற்காற்று வலுக்கும். கடல் குளியலைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயின் சுவைத்துப் பார்க்க ஒரு நாளைக்கு இரண்டு ஆலை, மிஞ்சினால் மூன்று. ஒரு சுவைப்புக்கு 30 மில்லி என்றாலும் ஆறு வகை சேர்ந்தால் 180 மில்லி. சுவைத்த ஒயினைத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சம் வேண்டாம். வண்டி ஓட்டுபவர் குடிக்கவே கூடாது.

வாங்கிய பாட்டில்களை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள்: சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும், கசியும், சுவையும் வெந்துபோகும்.