கெவலாரில் ஒரு கடதாசி மாதா

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் விடிய ஐந்து மணிக்கு எங்கள் குசினியில் புட்டு அவிகிறதென்றால், அது கெவலார் நாள். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு முதல்நாள் இரவே தயார். மாமிக்குத் தனியாக உறைப்பில்லாமல் ஒரு கறி. அவவுக்கு எண்பத்து நான்கு வயது. கெவலாருக்குப் போகாத வருடத்தை அவ வருடக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இந்தமுறை மகள் முதல்நாளே சொல்லிவிட்டாள், "நான் வரேல்ல அம்மா" என்று. பதினாறு வயது. காரணமும் சொன்னாள். "அங்க போனா எல்லா அன்ரிமாரும் என்ன படிக்கிறாய், ஏன் தமிழ் வடிவாக் கதைக்கிறேல்ல எண்டுதான் கேப்பினம். அது கோயில் இல்ல, சந்தை." கோபம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது, ஏனென்றால் அவள் சொன்னதில் பாதி உண்மை. நானே போன வருடம் சேலைக் கடையில் நின்ற நேரம் மாதாவுக்கு முன்னால் நின்ற நேரத்தைவிடக் கூட.

கடைசியில் அவளை வரவைத்தது பக்தி இல்லை, அவளுடைய அப்பாவின் முதுகு. இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மாமியின் சக்கர நாற்காலியைக் கல் பதித்த தெருவில் தள்ள ஆள் வேண்டும். "சரி, அப்பம்மாவுக்காக" என்று சப்பாத்தைப் போட்டாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கெவலார், ஜேர்மனியின் மேற்கு ஓரத்தில், ஒல்லாந்து எல்லைக்குக் கிட்ட இருக்கிற சின்ன ஊர். நீர்ஸ் என்ற சிற்றாறு ஓடுகிற வயல்வெளிப் பக்கம். வருடம் முழுக்க ஜேர்மன்காரரும் ஒல்லாந்துக்காரரும் திருயாத்திரை வருகிற இடம். 1987 மே மாதத்தில் பாப்பரசர் இரண்டாம் ஜோன் போலும் வந்துபோயிருக்கிறார். மாதாவின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டி வருகிற ஒரு சனிக்கிழமை மட்டும் அந்த ஊர் எங்கள் கைக்கு வந்துவிடும். பிரான்ஸ், சுவிஸ், டென்மார்க், லண்டன் என்று ஐரோப்பா முழுக்கச் சிதறிக்கிடக்கிற ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குவார்கள். எண்பதுகளின் கடைசியில், அகதி முகாம்களில் இருந்தவர்கள் சேர்ந்து தொடங்கிய வழக்கம் இது.

டோர்ட்முண்டிலிருந்து கார் ஏறி அரைமணி கழியமுன்னரே மாமி செபமாலையை எடுத்துவிட்டா. எங்கள் காரில் செபமாலை இரண்டு மொழியில் ஓடும். மாமி "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்க, நான் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று முடிப்பேன். பழைய சொல் அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. இவர் ஓட்டுகிறபடியால் "ஆமென்" மட்டும். மகள் பின்சீற்றிலிருந்து ஜேர்மனில் சொல்லுவாள். அதன் நீளமும் எங்களுடைய நீளமும் ஒன்றல்ல என்பதால் அவள் எப்போதும் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ வந்து சேருவாள். முந்தியெல்லாம் அது எனக்குக் குறையாகப் பட்டது. தமிழில் செபம் சொல்லத் தெரியாத பிள்ளையை வளர்த்துவிட்டேனே என்று. அவளோ எங்கள் பங்கில் ஏழு வருடமாகப் பீடப் பணியாளர். ஞாயிறு காலையில் என்னை எழுப்புகிறவள் அவள்தான்.

அந்தப் பங்கின் கதையையும் சொல்லவேண்டும். நான் 2001இல் கல்யாணம் கட்டி வந்தபோது எங்களுக்குப் பக்கத்துத் தெருவிலேயே கோயில் இருந்தது. உள்ளே நானூறு பேர் இருக்கலாம். பூசைக்கு வருவது முப்பது பேர், அதில் இருபத்தைந்து பேர் பாட்டிமார். மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயில் திருவிழாவில் மரத்தடியில்கூட இடம் கிடைக்காமல் வளர்ந்த எனக்கு, வெறும் வாங்குகளைப் பார்த்து முதல் ஞாயிறே அழுகை வந்தது. பிறகு பங்குகளை ஒன்றோடொன்று சேர்த்தார்கள். ஒருநாள் பிஷப்பின் கடிதத்தை வாசித்து, பீடத்திலிருந்து நற்கருணையை எடுத்து, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினார்கள். கோயிலை மூடுவதற்கென்றே ஒரு சடங்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது இரண்டு ட்ராம் மாறிப் போகிறாள்.

இவருக்கு விசுவாசத்தில் வந்த சோதனை வேறு விதம், வரி வடிவத்தில் வந்தது. 1985இல் இங்கே வந்து பதிவுப் பத்திரம் நிரப்பியபோது மதம் என்ற கட்டத்தில் பெருமையோடு கத்தோலிக்கம் என்று எழுதினாராம். வேலை கிடைத்து முதல் சம்பளச் சீட்டு வந்தபோதுதான் அந்தக் கட்டத்துக்கு விலை இருப்பது தெரிந்தது. கோயில் வரி. எங்கள் மாநிலத்தில் வருமான வரியில் 9 வீதம். வேண்டாமென்றால் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், 30 யூரோ கட்டி, திருச்சபையை விட்டு விலகுகிறேன் என்று கையெழுத்து வைக்கலாம். இவருடைய தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்து சம்பளம் சுருங்கிய வருடம், கூட்டாளி ஒருவர் அந்த யோசனையைச் சொன்னார். "மாதா உள்ளுக்க இருக்கிறா, அவையின்ர புத்தகத்தில பேர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்று இவரும் நாள் குறித்துவிட்டார். போனவர் இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பாண் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை வரி கட்டுகிறார், சம்பளச் சீட்டு வருகிற மாதமெல்லாம் புறுபுறுத்தபடி.

கெவலாரில் கார் விட இடம் தேடி நாற்பது நிமிடம். இறங்கியதும் மல்லிகைப்பூ வாசம், றோல்ஸ் பொரிகிற வாசம், எங்கோ பெட்டியில் மாதா பாட்டு. பட்டுச் சேலைக்கு மேலே மழைக்கோட்டுப் போட்ட பெண்கள். நெற்றியில் திருநீறும் சந்தனப் பொட்டுமாக நிறையப் பேர். இது பலருக்கு வியப்பாக இருக்கும், எங்களுக்கு இல்லை. மடுவுக்கும் சைவக்காரர் வருவார்கள். இங்கே ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாளின் தேருக்கு நாங்களும் போவோம். அங்கே நாங்கள் விருந்தாளி, இங்கே அவர்கள். ஆனால் நேர்த்தி வைப்பதில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் இல்லை.

பூசை பசிலிக்காவில். 1858இல் கட்டத் தொடங்கிய பெரிய கோயில், உள்ளே சுவர் முழுக்க வர்ணம், அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். அவ்வளவு பெரிய கோயிலும் எங்கள் சனத்துக்குக் காணாது. நாங்கள் நாற்காலியோடு வாசலுக்குக் கிட்ட நின்றோம். பிரசங்கத்தில் பாதி பிள்ளைகளின் அழுகையில் போனது. நற்கருணை வாங்கும் வரிசை அரைமணி நேரம் நகர்ந்தது. பாட்டுக்குழு "மாதாவே துணை நீரே" என்று எடுத்தபோது மட்டும் உள்ளே நின்றவர், வெளியே நின்றவர், தூணில் சாய்ந்து போன் பார்த்தவர் எல்லோரும் பாடினார்கள். மாமி புத்தகம் இல்லாமல் எல்லாச் சரணமும் பாடினா. முந்தநாள் மருந்து குடித்ததை மறக்கிறவ.

பூசை முடிந்து சிற்றாலயத்துக்கான வரிசையில் நின்றபோது தூறல் தொடங்கியது. கெவலாரின் உயிர் பசிலிக்காவில் இல்லை, அதற்கு முன்னால் சதுக்கத்தில் நிற்கிற, 1654இல் கட்டிய ஆறு பக்கச் சின்னக் கட்டடத்தில் இருக்கிறது. நான் மாமிக்குக் குடை பிடித்தேன். பேச்சை மாற்றுவதற்காக மகளிடம், "இந்த மாதா எப்படி இஞ்ச வந்தவ எண்டு தெரியுமே?" என்று கேட்டேன். சொல்லிக்கொடுக்கலாம் என்ற நினைப்பு. அவள் என்னைவிட நன்றாகச் சொன்னாள். பள்ளிக்கூடச் சமய வகுப்பில் படித்தாளாம்.

1641, நத்தாருக்குக் கிட்ட. முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஹென்ட்ரிக் பூஸ்மன் என்ற நடைவியாபாரி இந்தப் பக்கத்தால் போகும்போது வழியோரச் சிலுவையடியில் ஜெபிக்கிறான். "இவ்விடத்தில் எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டு" என்று ஒரு குரல். வெவ்வேறு நாளில் மூன்று முறை. அவனிடம் காசு இல்லை, இருந்தாலும் சேர்க்கத் தொடங்குகிறான். இதுவரை எனக்கும் தெரியும்.

"ஆனா மெய்ன் பொயின்ற் அவரில்ல, மனிசி" என்றாள் மகள். மனைவியின் பெயர் மெஷல். சில நாளுக்கு முன் படைவீரர் சிலர் அவளிடம் இரண்டு மாதா படங்களை விற்கக் கேட்டிருந்தார்கள். லக்சம்பேர்க் மாதாவின் அச்சுப் படம், கடதாசியில். விலை கூட என்று அவள் வாங்கவில்லை. பிறகு ஓர் இரவு, வேண்டாமென்று விட்ட அதே படம் ஒளிக்கு நடுவே ஒரு சின்ன ஆலயத்துக்குள் இருப்பதைக் காண்கிறாள். படம் அதற்குள் கைமாறிப் போயிருந்தது. தேடி வாங்குகிறார்கள். 1642 ஜூன் 1ஆம் தேதி பங்குச்சுவாமி அதை இங்கே வைத்தார்.

"சண்டைக்குப் போன ஆமிக்காரர் கொண்டு திரிஞ்ச கடதாசி" என்றாள். "தங்கமுமில்ல, சிலையுமில்ல."

மாமி, காது கேளாதவ என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறவ, திரும்பி, "அங்கையும் அப்பிடித்தானே பிள்ளை" என்றா.

மடுவைச் சொன்னா. மடு மாதாவும் அந்தக் காட்டில் பிறந்தவ இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காடு காடாக ஓடி வந்து நின்ற இடம் மடு. எனக்கு அது வரலாறு மட்டுமில்லை. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபோது நாங்கள் மன்னாரிலிருந்து ஓடிப்போய் மடுக் கோயில் வளவில்தான் கூடாரம் அடித்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. திருவிழாவுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்ட அதே மரத்தடியில் நிவாரண மாவில் ரொட்டி சுட்டோம். 1999இல் அங்கே தஞ்சமிருந்த சனத்தின் மேலேயே ஷெல் விழுந்தது. 2008இல் மாதாவே இடம்பெயர்ந்தா. சுவாமிமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். அந்தச் செய்தியை நான் டோர்ட்முண்டில், உடுப்பு மடித்துக்கொண்டு, வானொலியில் கேட்டேன். மகள் பிறக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது. இதையெல்லாம் அவளுக்கு இருத்திவைத்துச் சொன்னதே இல்லை. வரிசையில், மழையில், பாதித் தமிழ் பாதி ஜேர்மனில் அன்றைக்குத்தான் சொன்னேன்.

எங்கள் முறை வந்தது. வருகிறவர்களுக்கு ஏமாற்றம்கூட வரலாம். வெள்ளியும் பொன்னும் பளபளக்கிற பெரிய சட்டம், அதற்கு நடுவில் உள்ளங்கை அளவில் மங்கிய ஒரு படம். மாதாவின் முகத்தைப் பார்க்கக் கண்ணைச் சுருக்கவேண்டும். "துன்புறுவோரின் ஆறுதல்" என்பது அவவின் பெயர்.

இவர் இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, காற்சட்டைப் பையிலிருந்து மணிப்பேர்சை எடுத்தார். அதற்குள் இருக்கிற மடு மாதா படம் எனக்குத் தெரியும். 1985இல், பத்தொன்பது வயதில், விமானத்தில் கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பக்கம் வந்தபோது பாஸ்போட்டுக்குள் மாமி மடித்து வைத்துவிட்ட படம். நாலாக மடித்த மடிப்பில் வெடித்து, மாதாவின் ஒரு கை காணாமல் போய்விட்டது. அதை மாமியின் கையில் கொடுத்தார். மாமி அதைச் சிற்றாலயப் பக்கம் உயர்த்திப் பிடித்தா, ஒரு மாதாவுக்கு மற்ற மாதாவைக் காட்டுகிற மாதிரி. பின்னால் நின்ற சனம் அவசரப்படுத்தவில்லை.

மகள் இரண்டு மெழுகுதிரி வாங்கினாள், தன்னுடைய காசில். பக்கத்திலேயே இருக்கிற மெழுகுதிரி ஆலயம் என்ற கோயிலின் வெளிச்சுவர்ப் பக்கம் கொளுத்தி வைக்கிற தட்டுகள் இருக்கின்றன. மழைக்கு அணைந்துவிடாமல் கையால் பொத்தி நின்றாள். ஒன்று அப்பாவின் முதுகுக்காம். "மற்றது?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்குச் சொல்லேலாது" என்றாள், சுத்தத் தமிழில்.

பின்னேரம் பவனி. மழை விட்டிருந்தது, பூ நனைந்திருந்தது. அப்புறம் நான் சேலைக் கடைக்குப் போனேன், ஒன்று வாங்கவும் வாங்கினேன். மகள் பயந்த மாதிரியே மூன்று அன்ரிமார் பிடித்தார்கள். ஒருவர் என்ன படிக்கிறாய் என்றார், ஒருவர் மெலிந்துவிட்டாய் என்றார், மூன்றாமவர் பாரிசில் இருக்கிற தன் பேரனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மாமிதான், "பிள்ளைக்குக் குளிருது" என்று நாற்காலியைத் தள்ளச் சொல்லிக் காப்பாற்றினா.

திரும்பி வரும்போது மாமி செபமாலையின் இரண்டாவது காரணிக்கத்திலேயே நித்திரை. புட்டுப் பாத்திரம் காலி.

அடுத்த நாள் காலை, பால் வாங்கச் சில்லறை எடுக்க இவருடைய மணிப்பேர்சைத் திறந்தேன். மடு மாதா படம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மகள் ஐந்தாம் வகுப்பில் பாவித்த நூலக அட்டையின் உறை. ஓரத்தில் ஜேர்மனில் அவளுடைய பெயரும் வகுப்பும் இன்னும் ஒட்டியிருந்தன. வெடித்த மடிப்புக்குப் பின்பக்கமாகக் கண்ணாடி ரேப் போட்டிருந்தாள், கொஞ்சம் கோணலாக.