பல்லுக் கட்டப் போய்ப் பட்ட பாடு

கட்டின பல் வாய்க்குள் ஒழுங்காக நிற்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பல்லுக் கழற்ற நாள் எடுத்து வைத்திருக்கிற யாராவது வாசித்தால் போதும்.

எனக்குச் சீனி வருத்தம். முரசு (பல் ஈறு) கரைந்து, பற்கள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. ஆடினவற்றை அரசாங்க ஆசுபத்திரியில் கழற்றினார்கள். காசும் இல்லை, பெரிய நோவும் இல்லை. கடைசியில் மிஞ்சினவை கீழே இரண்டு வேட்டைப்பற்கள். அவை கல்லுப் போல நின்றன. டவுனில் பல்லுக் கட்டும் ஒரு தனியார் இடத்துக்குப் போனால், "அக்கா, இந்த ரெண்டையும் வச்சுக்கொண்டு கட்டுறது கரைச்சல். எடுத்துப்போட்டு முழு செட்டாக் கட்டுவம், லேசு" என்றார்கள். யாருக்கு லேசு என்பது பிறகுதான் விளங்கியது.

கழற்றிச் சில கிழமைக்குள்ளேயே செட்டும் கைக்கு வந்துவிட்டது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று மாதம் போக, கீழ்ப்பல் கதைக்கும்போது எழும்பத் தொடங்கியது. அதைவிட முகம். மேலுதடு உள்ளே சுருண்டு, மூக்கிலிருந்து வாய் ஓரத்துக்கு இரண்டு கோடு விழுந்து, நாடி முன்னுக்கு வந்துவிட்டது. வாயின் இரண்டு ஓரமும் எச்சில் ஊறி வெடித்துப் புண். கோயிலில் கண்டவர்கள் எல்லாம் "என்ன, சீனி கூடிட்டுதோ? நல்லா வத்திப் போனியள்" என்று கேட்டார்கள். எனக்கு 48 வயது. சீனி கட்டுப்பாட்டில், நிறை அரைக் கிலோகூடக் குறையவில்லை. வற்றினது உடம்பு இல்லை, தாடை.

கட்டின இடத்துக்கே திரும்பிப் போனேன். ஒட்டுகிற பசை ஒன்றைத் தந்து, "வயசு போனா முகம் இப்பிடித்தான் வரும்" என்றார் அங்கே இருந்தவர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கக்கூட இல்லை.

அப்புறம் கடிதம் எழுதி வாங்கி, யாழ்ப்பாணத்தில் ஒரு விசேட வைத்தியரிடம் போனேன். கடிதத்தில் "எக்ஸ்ரே" என்று மட்டும் இருந்ததால், வரும் வழியில் சின்னச் சின்னப் படமாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, முழுத் தாடையும் தெரிகிற ஓ.பி.ஜி படம் வேண்டும் என்றார். அதை எடுக்க இன்னொரு தனியார் இடத்தில் நாள் தந்தார்கள். விடியவே பஸ் ஏறி, ஆனையிறவு தாண்டி, வெயிலுக்குள் போய் இறங்கினால் கதவு பூட்டு. அன்றைக்குப் போயா, பௌர்ணமி லீவு! தொலைபேசியில் நாள் தந்த பிள்ளை கலண்டரைப் பார்க்கவில்லை. திரும்ப எடுத்துக் கேட்டால், "நீங்களாவது பாத்திருக்கலாமே அன்ரி" என்று எனக்கே பாடம். ஆகவே எந்த இடத்திலும் நாள் தந்தால், அந்த வசனம் முடிய முதலே "அண்டைக்குப் போயா இல்லைத்தானே?" என்று கேட்டுவிடுங்கள். படத்தையும் போனில் அனுப்புகிறோம் என்பார்கள். விடாமல் அச்சிட்டே வாங்குங்கள்.

செட்டைப் புதிதாகச் செய்வதற்குப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே பல் வைத்தியம் படிக்கும் மாணவர்கள் பெரியவர்களின் மேற்பார்வையில் செய்கிறார்கள். அதனால் பல தடவை போய்வர வேண்டும். கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் பஸ்ஸில் இருப்பதே ஒரு வேலை. ஆனால் எனக்கு வாய்த்த மாணவி தமிழ்ப் பிள்ளை, பொறுமைசாலி. என் ஓ.பி.ஜி படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனை முனையால் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

பல் இருக்கும் வரைதான் அதைச் சுற்றின எலும்புக்கு வேலை. பல் போனால் உடம்பு அந்த எலும்பைக் கரைத்துவிடும். உதட்டுப் பக்கத்துச் சுவர் அநேகமாக ஒரு மில்லிமீற்றரும் தடிப்பு இல்லாததால் அதுதான் முதலில் போகும். கூடுதலாகக் கரைவது முதல் 3 மாதத்தில். ஒரு வருடம் முடிய, அந்த இடத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பாதி போய்விடும். மேல்தாடை கரையக் கரைய உள்ளுக்குச் சுருங்குகிறது. கீழ்த்தாடை பதிந்துகொண்டே வெளிப்பக்கம் அகல்கிறது. நாடி முன்னுக்குத் தள்ளுவதும் உதடு உள்ளே விழுவதும் அதனால்தான். முழு செட் போடுகிறவர்களுக்கு, நெடுங்காலத்தில் மேலே கரைவதைப் போல நாலு மடங்கு கீழே கரையுமாம். என் கீழ் முரசைக் கண்ணாடியில் காட்டினாள். வரப்புப் போல நின்ற இடம் வயலோடு வயலாகிக் கிடந்தது. மேற்பல் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழே நாக்குத் தள்ள, பிடித்து நிற்க ஒன்றும் இல்லை.

கழற்றின அந்த இரண்டு வேட்டைப்பற்களையும் பற்றிச் சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வேர்களை விட்டு, மட்டமாக வெட்டி, அவற்றுக்கு மேலால் பல்லுக் கட்டியிருக்கலாமாம். வேர் நிற்கிற இடத்தில் எலும்பும் நிற்கும். இப்போது அதே பிடிமானம் வேண்டுமென்றால் கீழே இரண்டு இம்ப்ளாண்ட், அதாவது எலும்புக்குள் இறுக்குகிற செயற்கை வேர். ஒன்றுக்கே இலட்சம் தாண்டும். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். பல்லுக் கட்டுபவர் யாராவது ஆடாத பல்லைக் "கரைச்சல்" என்று எடுக்கச் சொன்னால், இன்னொரு பல் வைத்தியரிடம் காட்டும் வரை வாயைத் திறக்காதீர்கள்.

அடுத்த சிக்கலை நான் எதிர்பார்க்கவேயில்லை. பல் இருந்த காலத்துப் படம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள், சிரித்தபடி இருந்தால் நல்லது என்று. வன்னியில் அப்படிப் படம் யாரிடம் இருக்கிறது? எங்கள் அல்பம் 2009இல் இடம்பெயர்ந்து போன வழியில் எங்கேயோ விடுபட்டது. அடையாள அட்டைப் படத்தில் வாயைச் சப்பென்று மூடிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் கனடாவில் இருக்கும் மச்சாள், தன் கலியாண வீட்டில் நான் பந்தியில் நின்று சிரிக்கிற படம் ஒன்றைத் தேடி வட்ஸ்அப்பில் அனுப்பினாள். கையில் சாம்பார் வாளி. மாணவி அதைப் பெருப்பித்து என் முன்பல்லை அளந்தாள்.

முக்கியமான கட்டம் மெழுகில் பல் அடுக்கிப் பார்க்கும் நாள். அன்றைக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். நான் இவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மெழுகில் இருக்கும் வரை எதையும் மாற்றலாம், சிவப்புப் பிளாஸ்ரிக்கில் ஏறிவிட்டால் கஷ்டம். முதல் தடவை வைத்துப் பார்த்தபோது உதடு இன்னும் உள்ளேதான் கிடந்தது. நான் தலையாட்டப் போனேன். இவர் விடவில்லை. "இல்லை பிள்ளை, மேலுதடு இன்னும் கொஞ்சம் வெளியால வரோணும்" என்று போனில் இருந்த படத்தை நீட்டினார். அவளும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, முன்பக்கம் மெழுகு சேர்த்து, கடியின் உயரத்தையும் கொஞ்சம் கூட்டினாள். கண்ணாடியில் பார்த்தால் மூக்கோரக் கோடு பாதி காணாமல் போயிருந்தது! வாயோரப் புண்ணும் பிறகு மெல்லக் காய்ந்தது.

முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். கீழ்ப்பல் ஒடியல் கூழில் நண்டைக் கடித்தால் இப்போதும் எழும்புகிறது. பல்லுக் கட்டியதால் எலும்பு கரைவது நிற்காது, ஆகவே தளர்ந்தால் ரீலைன் செய்ய, அதாவது செட்டின் உட்பக்கத்தை முரசுக்கு ஏற்றபடி நிரப்ப, வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். ஓரிடத்தில் உரசிப் புண் வந்தபோது பக்கத்து வீட்டு அண்ணை அரத்தாளோடு வந்து நின்றார், தன்னுடையதை அப்படித்தான் தேய்த்தாராம். அவருடையது இப்போது அலுமாரிக்குள். நான் அடுத்த கிளினிக் நாள் வரை பொறுத்திருந்து, அவர்களைக் கொண்டே தேய்ப்பித்தேன்.