மே மாதத்து வெண்ணெய்

போன வாரம் அம்மாவுடன் வீடியோவில் பேசிக்கொண்டே நெய் உருக்கினேன். வாணலியில் விழுந்த வெண்ணெயைப் பார்த்ததும், "ஏ அம்மிணி, மஞ்சத்தூளா போட்டே?" என்றாள். இங்கே அயர்லாந்தில் வெண்ணெயே இந்த நிறம்தாம்மா என்று சொல்லியும் நம்பவில்லை.

எப்படி நம்புவாள்? ஊத்துக்குளிப் பக்கத்தில் வெண்ணெய் என்றால் எருமை வெண்ணெய், வெள்ளைதான். புல்லில் இருக்கிற கரோட்டின் என்ற மஞ்சள் நிறமியை எருமை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடும், பசுவுக்கு அது முழுசாக முடியாது, மிச்சம் கொழுப்போடு பாலில் இறங்கிவிடும். இந்தக் கார்க் நகரத்துப் பக்கத்தில் மார்ச் வாக்கில் மாடுகளை வெளியே விட்டால் நவம்பர் வரை மேய்ச்சல்தான், அதனால் மே மாதத்து வெண்ணெய் சாமந்திப்பூ மாதிரி இருக்கிறது. குளிர்காலத்தில் கொட்டகைத் தீவனத்துக்கு மாறியதும் கொஞ்சம் வெளிறிவிடும். பாலின் ருசியும் கூடவே மாறும். ஆறு வருடத்தில் இதெல்லாம் பழகிவிட்டது.

பழகாதது ஏடுதான். கடைப்பாலில் கொழுப்பை அழுத்தத்தில் பொடிப்பொடியாக உடைத்துக் கலந்துவிடுகிறார்கள், அப்புறம் அது மேலே வரவே வராது. காய்ச்சி ஆறவைத்தாலும் மெல்லிசாக ஒரு படலம், கரண்டி பட்டதும் சுருங்கிப்போகும். எங்கள் வீட்டில் தயிர்ச்சட்டியின் ஓரத்தை விரலால் இழுத்தால் ஏடு தடிமனாகச் சுருண்டு வரும், அதில் சர்க்கரை தூவித் தின்ன எனக்கும் அண்ணனுக்கும் தினமும் சண்டை.

கார்க்கின் ஷாண்டன் பகுதியில் வெண்ணெய்க்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை இந்த ஊரில்தான் நடந்ததாம். அங்கே மரத்தொட்டியையும் கடையும் கட்டையையும் பார்த்தபோது அப்பத்தாவின் மத்துச் சத்தம் காதில் விழுந்தது. சளப் சளப் என்று போய்க்கொண்டே இருக்கும், வெண்ணெய் திரளும்போது சத்தம் கனத்துவிடும், அப்பத்தா கயிற்றை விட்டுவிட்டு ஒரு சொம்பு குளிர்ந்த தண்ணீர் கேட்பாள்.

நெய் பதம் வந்ததும் கை தன்னால் முருங்கை இணுக்கைத் தேடியது. ஜன்னலுக்கு வெளியே மழை. கறிவேப்பிலையைப் போட்டு இறக்கினேன்.

"அடியில நிக்கிற கசண்டை வீணாக்கிராதே, சோத்தைப் போட்டுப் பெரட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா போனை வைத்தாள். உப்புப் போட்டுப் பெரட்டி, பாதியை அண்ணனுக்கென்று ஓரமாக ஒதுக்கிய பிறகுதான் அவன் திருப்பூரில் இருப்பது நினைவு வந்தது.