தையல் பிரிச்சதுக்கு அப்புறம்தான் எல்லாமே ஆரம்பிச்சுச்சு

2022-ல என் தம்பி திருமங்கலம் பக்கத்துல வண்டில இருந்து விழுந்தான். ஹெல்மெட் இருந்துச்சு, ஸ்ட்ராப் மாட்டல, விழும்போதே அது தனியா கழண்டு உருண்டுருச்சு. தானா எந்திரிச்சு தண்ணி குடிச்சுட்டு வண்டிய வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டான். பக்கத்துல ஒரு கிளினிக்ல டிடி ஊசியும் நெத்தில நாலு தையலும் போட்டு அனுப்பிட்டாங்க, அம்மா சுத்திப் போட்டாங்க, தூங்கப் போயிட்டோம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி. எழுப்புனா பேச்சு குழறுது, வலது கைய தூக்க முடியல. 108 வந்து ஜிஎச் போறதுக்குள்ள கண்ணே தொறக்கல. சிடி ஸ்கேன்ல இடது பக்கம் ரத்தம் கட்டி மூளைய அமுக்குதுன்னாங்க. கண் தொறக்கறது, பேசறது, கை கால் அசைக்கறதுன்னு மூணுக்கும் மார்க் போடறாங்க, முழுசா இருந்தா 15, இவனுக்கு 8. மண்டை எலும்புல ஒரு துண்ட எடுத்து வயித்துத் தோலுக்கு அடியில வச்சுத் தைச்சாங்க, வீக்கம் வத்துனப்புறம் திருப்பி வைக்க. தலைக்கட்டு மேல 'எலும்பு இல்லை'ன்னு எழுதி ஒட்டியிருந்தத பாத்து அம்மா அங்கேயே உக்காந்துட்டாங்க.

ரோட்டு விபத்துல அடிபட்டு முதல் 48 மணி நேரம் பட்டியல்ல இருக்கற தனியார் ஆஸ்பத்திரிலயும் அரசு செலவுல பாக்கற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர்லயே வந்தாச்சு, எங்களுக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா சாயங்காலமே ஸ்கேன் வசதி இருக்கற இடமா பாத்துப் போயிருப்போம்.

நாலு மாசத்துல எலும்ப வச்சுத் தைச்சாங்க, முடி வளந்துச்சு, பாக்கறவங்க எல்லாம் "நல்லாத்தான இருக்கான், வேலைக்குப் போக வேண்டியதுதான"ன்னாங்க. வீட்டுக்குள்ள நடந்தது யாருக்கும் தெரியாது. ஒருநாள் அடுப்புல பால் தீஞ்சு வீடே புகை, பக்கத்துலயே உக்காந்திருக்கான், அவனுக்கு வாசனையே தெரியல. சாவிய கேக்க நெனச்சு "அந்தத் தட்ட எடு"ம்பான், நான் தட்ட குடுத்தா தூக்கி எறிவான், அப்புறம் அழுவான். சொந்தக்காரங்க மந்திரிக்கச் சொன்னாங்க. மூளையோட முன்பக்கம்தான் கோவத்துக்கு பிரேக், அதுல அடிபட்டிருக்கு, அவன் வேணும்னு பண்ணலன்னு டாக்டர் சொன்ன அன்னைக்குத்தான் நான் அவன்கூட சண்டை போடறத விட்டேன். சத்தம் இல்லாத ரூம், மத்தியானம் தூக்கம், ஸ்பீச் தெரபி, எல்லாத்தையும் எழுதி வைக்க ஒரு நோட்டு. ரெண்டு வருஷம் ஆச்சு வார்த்தைங்க ஓரளவுக்கு திரும்ப, வாசனை இன்னும் வரல.

இப்ப நூறு நாள் வேலைக்கு வர்ற அக்காமாருங்ககிட்ட, ஆட்டோ ஸ்டாண்டுல, எங்க ஆள் கூடுனாலும் சொல்றேன்: தலையில அடிபட்டு எந்திரிச்சு நடந்தாலும் நம்பாதீங்க, வாந்தி, தலைவலி கூடிக்கிட்டே போறது, எழுப்ப முடியாத தூக்கம், பேச்சு குழறல், இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம கெளம்பிடுங்க. போன மாசம் ஒரு அக்கா வேலைய பாதியில விட்டு ஓடி வந்தாங்க, பையன் முந்தின நாள் மாடிப்படில விழுந்தானாம், காலைல இருந்து வாந்தியாம். அப்பவே ஆட்டோல ஏத்திவிட்டோம். ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, சாயங்காலமே வந்துட்டாங்க. தம்பிதான் அந்தப் பையன வாசல்ல உக்கார வச்சு ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தான்.