கம்பளத்தில் விழுந்த சாம்பிராணிக் கங்கு

போன மார்கழியில் அம்மா கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு வந்திருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை என் மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, முடி காயச் சாம்பிராணி போட்டாள். மயூர் விகார் குளிருக்கு ஹாலில் கம்பளம் விரித்து எல்லோரும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தோம். தூபக்கால் சாய்ந்து ஒரு கங்கு கம்பளத்தில் விழுந்தது.

இடுக்கியால் எடுத்துப் போட்டுவிட்டு ஈரத்துணியை அழுத்திப் பிடித்தேன். அதற்குள் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகிவிட்டது. வீடு முழுக்க முடி பொசுங்கிய வாடை.

அது அப்பா வாங்கிய கம்பளம். ஓய்வு பெற்ற வருடம் இங்கே வந்திருந்தபோது, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே இருக்கும் தில்லி ஹாட் கைவினைச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்று, விற்றவரிடம் உத்தரப் பிரதேசத்துப் பதோஹி நெசவைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வாங்கினார். அப்பா இப்போது இல்லை. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் கரி சுற்றிலும் பரவிவிடும் என்பதால் இரவு முழுக்கக் காயவிட்டேன். காலையில் ஓரத்திலிருந்து ஒரு இழையைப் பிடுங்கி, கிண்ணத்தின் மேல் வைத்துத் தீக்குச்சியால் பற்ற வைத்துப் பார்த்தேன். அதே முடி வாடை; விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பல். அப்படியென்றால் கம்பளி. நைலான், பாலிப்ரொப்பிலீன் மாதிரிச் செயற்கை இழையாக இருந்தால் உருகி, மணி போலக் கெட்டியாகியிருக்கும்.

பழைய டூத்பிரஷ்ஷால் லேசாகத் தட்டியதும் கரி உதிர்ந்தது. கறுத்த நுனிகளைச் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கினேன். மேலோட்டமாகக் கருகியிருந்தால் அதோடு வேலை முடிந்திருக்கும். சுற்று வட்டம் சரியாகத்தான் வந்தது. ஆனால் நடுவில் கம்பளி இழையைக் கட்டியிருக்கும் முடிச்சே எரிந்து, அடியிலிருக்கும் பருத்தி நூல் தெரிந்தது.

கார்ப்பெட் சுத்தம் செய்யும் கடை ஒன்றில் கேட்டேன். “வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டிவிடலாம், பத்து நிமிட வேலை” என்றார்கள். கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டேன். அம்மாதான் கம்பளத்தைப் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். முன்பக்கத்துப் பூ வேலை பின்பக்கமும் அப்படியே தெளிவாகத் தெரிந்தது. ஓரக் குஞ்சமும் தனியாகத் தைத்ததில்லை, உள்ளே ஓடும் நூலின் நுனிதான். திருபுவனத்துத் தறிகளைப் பார்த்து வளர்ந்தவள், உடனே சொன்னாள்: “இது பாவுடி. வெட்டினா பாவு அறுந்து போயிடும். அப்புறம் எதுல முடிச்சுப் போடுவா?” பாவு என்றால் நீளவாக்கில் ஓடும் அடி நூல்; முடிச்சுகள் அதில்தான் நிற்கின்றன.

மெஷினில் செய்து அடியில் ரப்பர் பூச்சு கொடுத்த கார்ப்பெட்டுக்கு வெட்டி ஒட்டுவது நல்ல வழிதான். கையால் முடிச்சுப் போட்டு நெய்ததை வெட்டவே கூடாது. உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் யாரிடமும் கேட்பதற்கு முன்னால் தயவுசெய்து கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா தன் பஷ்மினா சால்வையைக் கொடுக்கும் ரஃபூகரிடம், அதாவது கிழிந்த துணியை நூலால் இழையோட்டிச் சரிசெய்பவரிடம், அனுப்பினார். அவர், “சால்வைதான் என் கை. கம்பளத்துக்கு வேறு ஆள்” என்று பழைய தில்லியிலிருந்து ஒரு பெரியவரை அனுப்பி வைத்தார். அந்த நேர்மையை நான் மறக்க மாட்டேன்.

பெரியவர் வந்ததும் பின்பக்கம் ஸ்கேலை வைத்து எண்ணினார். ஒரு அங்குலத்துக்கு நீளவாக்கில் 8, அகலவாக்கில் 8 முடிச்சு. போனது முப்பது சொச்சம். கம்பளி நிறத்தை டியூப்லைட்டில் பார்க்க மறுத்து, பால்கனி வெயிலில் வைத்துப் பார்த்தார். இழையின் அடியில் பழைய அடர் சிவப்பு, நுனியில் வெளுத்த சிவப்பு. இரண்டுக்கும் நடுவான நிறம் கொண்டுவர நான்கு நாள் ஆனது.

வேலை இரண்டு மதியம் நடந்தது. எரிந்த பாவு நூலுக்குப் பதில் புதுப் பருத்தி நூலை ஊசியால் இரு பக்கமும் நல்ல நெசவுக்குள் ஓட்டி இழுத்தார். அதில் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டு, வரிசைக்கு வரிசை குறுக்கே ஓடும் ஊடு நூல் கோத்து, சீப்பு மாதிரியான கருவியால் தட்டி இறுக்கினார். கடைசியில்தான் கத்தரி எடுத்து மட்டமாக்கினார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. அவர் கை நீட்டும்போதெல்லாம் சரியான நூலை எடுத்துக் கொடுத்தாள்.

கூலி 1,800 ரூபாய். ஒரு மாதம் அந்த இடத்தில் வேக்குவம் கிளீனர் வேண்டாம், கையால் பெருக்குங்கள், ஜன்னல் பக்கம் அந்த மூலை வருகிற மாதிரித் திருப்பிப் போடுங்கள், வெயிலில் நிறம் சேர்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்கால வெளிச்சத்தில் இன்னும் ஒரு பூ மட்டும் கொஞ்சம் சிவப்பாகத் தெரிகிறது. ஊருக்குக் கிளம்பும் நாள் அம்மா அதன் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். “அப்பா இருந்தா அந்தப் பெரியவரோட சேர்ந்து உக்காந்து எண்ணியிருப்பார்” என்றாள்.