முழிப்பில செய்யிற மூளை ஒப்பரேசன்: போகமுதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

என்ர மனுசன், இவருக்கு முதல் வலிப்பு வந்தது போன வருசம் ஆவணியில. கை கால் இழுத்து விழுற வலிப்பில்லை. சுன்னாகம் சந்தையில தேங்காய்க்கு விலை கேட்டுக்கொண்டு நிண்டவர் பாதியில நிப்பாட்டிப்போட்டார், வாய் அசையுது சொல் வரேல்ல, ஒரு நிமிசம் இருக்கும், பேந்து சரியாப் போச்சு. களைப்பு எண்டு நினைச்சு ரெண்டு மாசத்தை வீணாக்கினனாங்கள். மூண்டாந்தரம் வரேக்கதான் எம்ஆர்ஐ எடுத்தது. இடப்பக்கம் முன்மூளையில மெதுவா வளருற கட்டி, லோ கிரேட் கிளயோமா எண்டு றிப்போட்.

முதல் பாத்த டொக்டர், மெதுவாத்தான் வளரும், ஆறு மாசத்தால திருப்பி ஸ்கான் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லி வலிப்புக்குக் குளிசை எழுதித் தந்தவர். நாங்களும் நல்ல செய்தி எண்டு நிம்மதியா வீட்ட வந்திட்டம். பரிசில இருக்கிற சித்தப்பான்ர மகன்தான் போனில மறிச்சவன். "அக்கா, மெதுவா வளருது எண்டால் சும்மா கிடக்குது எண்டில்லை, இதுகள் சராசரியா வருசத்துக்கு 4 மில்லிமீற்றர் அகலும், நிக்காது, ஒரு நாளைக்குக் குணம் மாறிக் கெட்ட கட்டியாகும்" எண்டான். அவன்தான் மொன்பெலியேயில இருக்கிற யூக் டுஃபோ எண்ட மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரைப் பற்றிச் சொன்னது.

நான் விளங்கிக்கொண்டதைச் சொல்லுறன். டுஃபோ ஸ்கானில தெரியிற கட்டியின்ர கரையை எல்லையா எடுக்கிறேல்ல. பேச்சு, கை அசைவு, விளக்கம் எங்க தொடங்குதோ அதுதான் அவருக்கு எல்லை. அதைக் கண்டுபிடிக்க ஆளை முழிப்பில வச்சுத்தான் வெட்டுறவர். அந்த வேலையள் இல்லாத பக்கத்தில கட்டிக்கு வெளியாலயும் கொஞ்சம் எடுப்பார், இருக்கிற பக்கத்தில கட்டி மிஞ்சினாலும் விட்டிடுவார். மூளை மெல்ல மெல்ல வேலையை வேற இடத்துக்கு மாத்திக்கொள்ளும், அதால சிலருக்குச் சில வருசத்தால ரெண்டாந்தரம் போய் மிச்சத்தை எடுக்கேலும். நோர்வேயில ரெண்டு ஆஸ்பத்திரியை ஒப்பிட்டு 2012 இல ஒரு ஆய்வு வந்தது, பயொப்ஸி, அதாவது சோதிக்கச் சின்னத் துண்டு மட்டும் எடுத்துப்போட்டுப் பாத்துக்கொண்டிருந்த பக்கத்தை விட நேரத்தோட வெட்டி எடுத்த பக்கத்து ஆக்கள் கூடக்காலம் இருந்திருக்கினம். எல்லாருக்கும் இது பொருந்தும் எண்டு நான் சொல்ல வரேல்ல, கட்டி இருக்கிற இடம் முக்கியம். ஆனா டொக்டரிட்ட கேளுங்கோ, கேக்கிறதுக்குப் பயப்பிடாதேங்கோ.

பிரான்சுக்குப் போற வசதி எங்களுக்கில்லை. கொழும்பில முழிப்பு ஒப்பரேசன் செய்யிற ஒருத்தருக்குக் கடிதம் கிடைச்சுது.

இனித்தான் வயித்தெரிச்சல். இரவு பஸ்ஸில போய் விடிய புறக்கோட்டையில இறங்கி, முகம் கழுவினபாட்டில ஆஸ்பத்திரிக்கு ஓடி, நம்பர் எடுத்து மூண்டு மணித்தியாலம் நிண்டு கவுண்டருக்குப் போனால் அந்தக் கிளார்க் பிலிமை ஒருக்கா உயத்திப் பாத்திட்டு "சிடி எங்க?" எண்டார். எங்களுக்குப் பிலிம் மட்டும்தான் தந்தவை. சிடி இல்லாமல் பைல் உள்ளுக்குப் போகாது, அடுத்த கிளினிக் ரெண்டு கிழமையால எண்டு சிங்களத்தில சொல்லிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்குச் சிங்களம் அரைகுறை, என்ர கெஞ்சல் அவருக்கு விளங்கினதோ தெரியேல்ல. அண்டு இரவே திரும்பினனாங்கள். வவுனியா தாண்ட பஸ்ஸுக்குள்ள இவருக்குத் திருப்பி வந்தது, என்ர பேரைச் சொல்ல வாயெடுத்தவர், வரேல்ல. அந்தக் கிளார்க்கை இண்டைக்கும் என்னால மன்னிக்கேலாமல் கிடக்கு.

அதால ஸ்கான் எடுத்த இடத்திலயே சிடி கேட்டு வாங்குங்கோ, வாங்கினதை ஒரு கொம்பியூட்டரில போட்டுத் திறக்குதோ எண்டு பாத்திட்டுத்தான் பஸ் ஏறுங்கோ.

ரெண்டாவது பயணத்தில டொக்டரைப் பாத்தாச்சு, நல்ல மனுசன், மாசியில ஒப்பரேசன் எண்டு முடிவாச்சு. ஆனா பேச்சுப் பரிசோதனைக்குக் கூப்பிடேக்கதான் அடுத்த பிரச்சினை. ஒப்பரேசன் நேரம் படங்களைக் காட்டிப் பேர் கேப்பினம். பேச்சைச் சோதிச்ச பிள்ளை தங்கமான பிள்ளை, ஆனா தமிழ் தெரியாது. படங்களும் வெளிநாட்டுப் படங்கள், இவருக்குச் சிலதின்ர பேரே தெரியாது, சிலதை இங்கிலீசில சொன்னார். பிறந்ததிலயிருந்து தமிழில கதைச்சு, தமிழிலயே கணக்குப் படிப்பிக்கிற மனுசன்ர பேச்சை வேற பாசையில சோதிச்சுப்போட்டு வெட்டினால் எது காப்பாத்தப்படும்? நான் அதை டொக்டரிட்டயே கேட்டனான். அவர் கோவிக்கேல்ல, "நீங்களே படம் கொண்டு வாங்கோ" எண்டார்.

மானிப்பாய்க்கு வந்து ரெண்டு நாள் போனும் கையுமா வீடு முழுக்கத் திரிஞ்சன். சுளகு, உரல், செம்பு, கடகம், துலா, குத்துவிளக்கு, பனங்காய், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி, எல்லாம் வெள்ளைத்துணி பின்னால பிடிச்சு ஒவ்வொண்டா எடுத்தது. நூறு படம். இவர் உடன பேர் சொல்லாத படம் எல்லாத்தையும் முதலே கழிச்சுப்போடவேணும், இல்லாட்டி ஒப்பரேசன் மேசையில தடக்குப்படேக்க அது மூளையில வைக்கிற கரண்டாலயோ தெரியாததாலயோ எண்டு பிரிக்கேலாது. வார்ட்டில இருந்த வவுனியாப் பக்கத்து டொக்டர் தம்பி ஒராள் தானே உள்ளுக்கு நிண்டு கேக்கிறன் எண்டு வந்தது எங்கட அதிர்ஷ்டம்.

உள்ளுக்கு நடந்ததை இவர்தான் சொன்னவர். முதல் மயக்கி மண்டையோட்டைத் திறந்து, பிறகு எழுப்பினவை. தோலை விறைக்கப்பண்ணி இருக்கு, மூளைக்கெண்டு நோ தெரியாது. வலது கையை மடக்கி நீட்டிக்கொண்டே படத்துக்கு "இது செம்பு", "இது உரல்" எண்டு முழுசாச் சொல்லவேணும். அந்த இடத்தின்ர வேலையைக் கொஞ்ச நேரம் தடுத்துப் பாக்க ஒவ்வொரு இடத்திலயும் சின்னக் கரண்ட், நாலு செக்கனுக்கு மேல வைக்கிறேல்ல. ஒரு இடத்தில "இது" எண்டது வந்தது, சுளகு வரேல்ல. கண்ணுக்கு முன்னால சுளகு தெரியுது, அம்மா அரிசி புடைக்கிறது கூட ஞாபகம் வருது, பேர் மட்டும் இல்லை. கரண்டை எடுக்கச் சொல் வந்திட்டுது. திருப்பிப் பாத்தும் அப்பிடியே. "இது"வும் வராட்டி வாய் அசையிற இடம், "இது" வந்து பேர் வராட்டிச் சொல் இருக்கிற இடம். அதில நம்பர் வச்சிட்டு அந்தப் பக்கம் கத்தி போகேல்ல.

ஒருத்தரும் முதலே சொல்லாத விசயம் ஒண்டு: ஒப்பரேசன் முடிஞ்சு மூண்டாம் நாள் இவருக்கு "ஓம்" ஐத் தவிர ஒண்டும் வரேல்ல. நான் அழுத அழுகை வார்ட்டுக்கே கேட்டிருக்கும். முன்மூளையின்ர அந்தப் பகுதியில இது வழமை, கிழமைக்கணக்கில திரும்பும் எண்டு டொக்டர் பிறகுதான் விளங்கப்படுத்தினார். முதலே கேட்டு வையுங்கோ, அவ்வளவு பயம் தேவையில்லை. ஒன்பதாம் நாள் "தேத்தண்ணி" எண்டார். நான் கொண்டு வந்து குடுக்கிற கை நடுங்கினது.

பயொப்ஸி றிப்போட்டுக்கு மூண்டு தரம் அலைய விட்டவை. 2021 உலக சுகாதார நிறுவன வகைப்படுத்தலின்படி ஐடிஎச் எண்ட ஜீன் கட்டியில மாறியிருக்கோ எண்டு பாக்காமல் கட்டிக்குச் சரியான பேர் வைக்கேலாது, அதைத் தனியாக் கேட்டு எழுதுவியுங்கோ. இவற்றது ஒலிகோடென்ட்ரோகிளயோமா எண்ட வகை, கிரேட் 2, அதாவது மெதுவா வளருறதுதான்.

ஆனியிலயிருந்து பள்ளிக்கூடம் போறார். பின்னேரம் களைச்சால் சொல் கொஞ்சம் தேடுவார். ஸ்கானில சின்னத் துண்டு ஒண்டு விட்டது தெரியுது, அது அந்தச் சுளகு இருந்த இடம். அடுத்த ஸ்கான் கார்த்திகையில, சிடியை அண்டைக்கே கையில வாங்காமல் நான் அந்த இடத்தை விட்டு வெளிக்கிட மாட்டன்.